வெந்தயமும் வெள்ளரிக்காயும்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சபலம் உண்டு. யார் தலையிலாவது பழியைப் போட்டுவிட்டால் அத்தியாயம் முடிந்துவிடும். 2011-ம் வருஷம் ஜெர்மனியில் அதிகாரிகளுக்கும் அந்தச் சபலம் வந்தது.

அந்த மே மாதத்தில் ஹாம்பர்க் பக்கத்தில் நல்ல தேகதிடத்தோடு இருந்தவர்கள், அதிலும் பெண்கள், ரத்தபேதி கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பலருக்குச் சிறுநீரகமே ஓய்ந்துவிட்டது. 26-ந் தேதி, ஸ்பெயின் தேசத்து வெள்ளரிக்காய்தான் காரணம் என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான்! ஸ்பானிஷ் குடியானவர்களின் விளைச்சல் வாங்குவாரின்றிக் குவிந்தது. ஐந்து நாள் கழித்து, காயிலிருந்த கிருமி வேறு, நோயாளியின் வயிற்றிலிருந்த கிருமி வேறு என்று தெரிந்தது.

கிருமி என்னவோ நமக்குப் பழைய உறவுதான். 1885-ல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை வைத்தியர் பச்சைக் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த 'ஈ கோலை'. நம் குடலில் குடியிருப்பவற்றில் பெரும்பாலானவை பரம சாது. அப்படியொரு சாதுவின் பரம்பரை எழுத்துக்கள் சுமார் 46 லட்சத்தையும் பல வருஷம் உழைத்து, 1997-ல் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையார் வெளியிட்டார்கள். ஹாம்பர்க் கிருமியையோ, சீனாவின் ஷென்ஜென் நகர ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்றே நாளில் படித்து, உலகம் பார்க்க விரித்து வைத்தார்கள்.

அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. குடல் சுவரில் செங்கல் அடுக்கியது போல ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை அது. எப்போதோ ஒரு வைரஸ் அதற்குள் புகுந்து, கொடிய நஞ்சு தயாரிக்கும் பக்குவத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது.

கொலையாளி யார் என்று எழுத்துக்கள் சொல்லிவிட்டன. எந்த வாசல் வழியாக வந்தான் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது சமையற்கட்டு. ஹோட்டலில் கூட்டமாகச் சாப்பிட்டவர்களின் பில்லையும் சமையற்காரரின் செய்முறையையும் ஒத்துப் பார்த்தார்கள். தட்டின் மேல் அழகுக்காகத் தூவிய முளைதானியம் சாப்பிட்டவர்களில் பலருக்கு ஞாபகமே இல்லை! பெரும்பாலும் எகிப்திலிருந்து 2009-ல் வந்த வெந்தய விதையே மூலம் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் விதையில் கிருமி அகப்படவில்லை. எல்லாம் சந்தர்ப்ப சாட்சியம்.

ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்று, 50-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஸ்பானிஷ் குடியானவர்களுக்கு ஐரோப்பிய யூனியன் நஷ்டஈடு கொடுத்தது. ஆனால் அழுகிய வெள்ளரிக்காயை மறுபடி கொடியில் ஒட்டவைக்க யாரால் முடியும்?

எங்கள் வீட்டிலும் வெந்தயம் முளை கட்டுவதுண்டு. இப்போது அதை வேகவைத்தே சாப்பிடுகிறோம். கதையில் ஒருவன்மேல் பழி போடுவதற்கு முன்னாலும் பேனாவைச் சற்று நிறுத்திக்கொள்கிறேன்.