மீன் பார்க்காத நாலடி

1667 மார்ச் மாதத்தில் ஒரு நாள், லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் பெரிய பொறுப்பில் இருந்த சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் ஒரு ரகசியத்தை எழுதி வைத்தார். அதை அவருக்குச் சொன்னவர் மீனவர் அல்ல. லூட் என்னும் தந்தி வாத்தியம் வாசிக்கும் சீசர் என்ற இசைக் கலைஞர். லூட்டிலேயே மிக மெல்லிய தந்தியை எடுத்து, தண்ணீரில் ஊறிப் பருத்துவிடாமல் இருக்க வார்னிஷ் பூசி, நுனியில் முள்ளைக் கட்டி மீன் பிடித்துப் பார்த்திருந்தார் அவர். குடலில் முறுக்கிய அந்தத் தந்தி எந்த முடியையும்விட மெல்லியது, எந்த முடியையும்விட உறுதியானது என்பது அவர் கண்ட முடிவு. பெப்பிஸுக்கு இந்த யுக்தி ரொம்பவே பிடித்துப்போனது. தூண்டில் பேச்சில் முடி எங்கிருந்து வந்தது?

குதிரையின் வாலிலிருந்துதான். அன்றைய இங்கிலாந்தில் தூண்டில் கயிறு என்றால் குதிரைமுடி. 1653ல் ஐசக் வால்ட்டன் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலும் குதிரைமுடியைத்தான் பேசுகிறது. ஆண்குதிரை வால்தான் உசத்தி என்றார்கள். பெண்குதிரையின் வாலில் சிறுநீர் பட்டுப் பட்டு முடி வலுவிழந்துவிடுமாம். கோல் பக்கம் பல முடிகளைச் சேர்த்து முறுக்கி, முள் பக்கம் போகப் போக எண்ணிக்கையைக் குறைத்து, கடைசிப் பகுதியை இரண்டே முடியிலோ ஒற்றை முடியிலோ முடிப்பார்கள். இழுக்கிற கைக்குத் தடித்த கயிறு வேண்டும். பார்க்கிற மீனுக்கோ கயிறே தெரியக் கூடாது. இந்தப் பிணக்கு அந்தக் கடைசி நாலடியில்தான் வெடித்தது. ஒற்றை முடியில் பெரிய மீன் மாட்டினால் முடி போகும், முள் போகும், மீனும் போகும். இதற்கு நல்லதொரு விடை உலகின் மறுகோடியில், ஒரு மருந்துப் பொட்டலத்தின் மேல் சுற்றிக் கிடந்தது.

எடோ காலத்து ஜப்பான். ஒசாகா நகரின் டோஷோமாச்சி மருந்து வணிகர்களின் தெரு. சீனாவிலிருந்து வந்த மருந்துப் பொட்டலங்கள் அங்கே பிரிக்கப்படும். அவா நாட்டிலிருந்து, அதாவது இன்றைய டோகுஷிமாவிலிருந்து, ஒசாகா வந்த மீனவர் ஒருவர் அந்தப் பொட்டலங்களைக் கட்டியிருந்த இழையைப் பார்த்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தது, இழுத்தால் அறுபடவில்லை. மருந்தை எடுத்துக்கொண்டு வணிகர்கள் வீசியெறிந்த இழையை அவர் ஊருக்குக் கொண்டுபோய் முள்ளில் கட்டினார். மீன்கள் கூச்சமில்லாமல் கடித்தன. அவா மீனவர்கள் அந்த இழையையே வியாபாரமாக்கி, கடலோரம் நெடுகக் கொண்டுபோய் விற்றார்கள். அந்த இழை எதனால் ஆனது?

ஒரு புழுவின் வயிற்றிலிருந்து வந்தது அது. பட்டுப்புழு கூடு கட்டத் தயாராகும் நேரத்தில் அதன் உடம்புக்குள் இரண்டு சுரப்பிகள் நிறையத் திரவப் பட்டு இருக்கும். அது நூலாக வெளியே வருமுன் புழுவை வினிகரில் ஊறப்போட்டு, வயிற்றைப் பிளந்து, சுரப்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் ஒரு முழம் நீளத்துக்கு ஒற்றை நரம்பாக நீண்டு காய்ந்துவிடும். சீனாவில் இதற்குக் காட்டுப் பட்டுப்புழு பயன்பட்டது. ஐரோப்பாவில் ஸ்பெயினின் முர்சியா பகுதி இந்தத் தொழிலின் தலைநகரமாயிற்று. ஒரு புழுவுக்கு இரண்டே நரம்பு. முள்ளை ஒட்டிய கடைசித் துண்டான லீடர் இரண்டு மீட்டர் வேண்டுமானால் பல நரம்புகளை முடிச்சுப் போட்டுச் சேர்க்க வேண்டும். காய்ந்த நிலையில் அது முறுகலாக ஒடியும் என்பதால், மீன் பிடிக்கப் போகுமுன் ஈரத் துணிக்கிடையில் வைத்து ஊறவைப்பார்கள். இத்தனை தொல்லைக்கும் புழு நரம்பை மிஞ்ச ஆளில்லை. 1936ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, அதன் இடத்துக்கு வரப்போகிற பொருள் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் ஏற்கெனவே பிறந்திருந்தது. பிறப்பதற்கு முன் அது ஒரு தோல்வியைக் கடந்து வந்திருந்தது.

அந்தத் தோல்வி 1930ல் நிகழ்ந்தது. டெலாவேர் மாநிலத்து வில்மிங்டனில், டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையில் இயங்கிய குழுவில் ஜூலியன் ஹில் இருந்தார். உருகிய பாலியெஸ்டர் குழம்பில் கண்ணாடிக் குச்சியை விட்டு ஹில் வெளியே எடுத்தபோது, குச்சியோடு ஒரு இழை வந்தது. இழுத்தார், நீண்டது. ஆறிய பிறகும் இழுத்தார், இன்னும் நீண்டது. நீள நீளப் பட்டுப்போல் மினுங்கி உறுதியும் பெற்றது. கரோதர்ஸ் வெளியே போயிருந்த ஒரு நாளில், எவ்வளவு தூரம்தான் நீள்கிறது பார்ப்போம் என்று சகாக்கள் இழையைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத் தாழ்வாரத்தில் ஓடியதாகச் சொல்வார்கள். உற்சாகம் அதிக நாள் நிலைக்கவில்லை. அந்தப் பாலியெஸ்டர் மிகக் குறைந்த சூட்டிலேயே உருகியது. துணி நெய்தால் இஸ்திரிப் பெட்டி பட்டதும் போய்விடும். கரோதர்ஸ் பாலியெஸ்டரைக் கைவிட்டு வேறு மூலப்பொருள்களுக்குத் திரும்பினார். அந்தத் தூக்கியெறியப்பட்ட குடும்பம் இந்தக் கதைக்குள் மறுபடி வரும்.

1935 பிப்ரவரி 28 அன்று கரோதர்ஸின் குழு நைலானை உருவாக்கியது. இஸ்திரிச் சூட்டில் உருகாமல் தாங்கியது, ஊறினாலும் அறவில்லை, எத்தனை மைல் வேண்டுமானாலும் ஒரே இழையாக இழுக்க முடிந்தது. ஆனால் கரோதர்ஸ் நெடுங்காலமாக மனச்சோர்வோடு போராடிக்கொண்டிருந்தார். 1937 ஏப்ரல் 29 அன்று, நாற்பத்தோராவது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாளில், ஃபிலடெல்ஃபியா ஹோட்டல் அறையொன்றில் சயனைடு அருந்தி உயிரை மாய்த்துக்கொண்டார். தான் கண்டுபிடித்தது உலகத்தின் கைக்குப் போனதை அவர் பார்க்கவே இல்லை. இந்த வரலாற்றில் இதைவிடக் கனமான பக்கம் வேறில்லை. அவர் மறைந்து ஓராண்டு நிறைவதற்குள், அதே நிறுவனத்தின் வேறோர் ஆய்வகத்தில் ஒரு வாயு உருளை முரண்டு பிடித்தது.

1938 ஏப்ரல் 6. நியூஜெர்சியில் டூபாண்ட்டின் ஜாக்சன் ஆய்வகம். குளிர்பதனப் பெட்டிக்குப் புதிய வாயு தேடிக்கொண்டிருந்த ராய் பிளங்கெட்டுக்கு வயது 27. அவருடைய உதவியாளர் ஜாக் ரெபோக் டெட்ராஃப்ளூரோஎத்திலீன் நிரம்பிய உருளையின் வால்வைத் திறந்தார். எதுவும் வரவில்லை. வாயு கசிந்துபோயிருக்கலாம் என்றால் உருளையின் எடை குறைந்திருக்க வேண்டும். தராசோ எடை அப்படியே இருப்பதாகக் காட்டியது. வால்வு அடைத்திருக்குமோ என்று கம்பியை விட்டுக் குடைந்தும் பார்த்தார்கள். வேறு யாராவதாக இருந்தால் உருளையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்திருப்பார்கள். இவர்கள் அதை அறுத்துப் பார்த்தார்கள். உட்சுவரில் வெள்ளையாக, மெழுகுபோல் வழுவழுப்பான ஒரு தூள் படிந்திருந்தது. பிற்காலத்து டெஃப்லான் அதுதான். அமிலம் அதை அரிக்கவில்லை, தண்ணீர் அதில் ஒட்டவில்லை. ஃப்ளூரின் கோத்த பிளாஸ்டிக்குகளின் உலகம் அன்று திறந்தது. ஆனால் அந்த ஆண்டு ஊர் முழுக்கப் பேசப்பட்டது வேறொன்று.

1938 அக்டோபரில் டூபாண்ட் நைலானை அறிவித்தது. பெண்களின் காலுறையும் பல்துலக்கும் தூரிகையும் புகழை அள்ளிக்கொண்டன. 1939லேயே தூண்டில் நரம்பாகவும் அது விற்பனைக்கு வந்தது. முர்சியாவின் புழு நரம்பை அடுத்த சில ஆண்டுகளில் அது காலி செய்திருக்க வேண்டும். நடந்தது வேறு. தொடக்ககால நைலான் நரம்பு விறைப்பாக, சுருள் சுருளாக நின்றது. போதாக்குறைக்குப் போர் வந்து நைலானையெல்லாம் பாரசூட்டுக்கு இழுத்துக்கொண்டது. 1950களின் கடைசியில் வந்த மென்மையான ரகங்கள்தாம் அதை எல்லார் கைக்கும் கொண்டுசேர்த்தன. பட்டுப்புழுக்கள் தப்பித்தன. மீனும் கொஞ்சம் தப்பித்தது, ஏனென்றால் நைலானிடம் இரண்டு குறைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

தண்ணீரை அது உறிஞ்சும். ஊறினால் பலம் குறையும், நீட்சி கூடும். இரண்டாவது குறை ஒளி சம்பந்தப்பட்டது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. நைலானுடையது ஏறக்குறைய 1.53. இரண்டு பொருள்களின் எண்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, அவை சந்திக்கும் இடத்தில் அவ்வளவு ஒளி எதிரொளிக்கும். தெளிந்த தண்ணீரில் நைலான் பளிச்சென்று ஒரு கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். எண் குறைந்த ஒரு பிளாஸ்டிக் வேண்டும். அப்படி ஒன்று பல ஆண்டுகளாகக் காப்புரிமைக் காகிதத்தில் இருந்தது.

அதன் பெயர் பாலிவினைலிடின் ஃப்ளூரைடு. பிளங்கெட்டின் வெள்ளைத் தூளுக்கு உறவுக்காரப் பொருள். 1940களின் இறுதியில் டூபாண்ட்டே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தது. 1960களில் அது ரசாயன ஆலைக் குழாய்களிலும் கட்டிடங்களின் உலோக முகப்புப் பூச்சிலும் வேலை பார்த்தது. வெயிலுக்கும் அமிலத்துக்கும் அசையாதது என்பதற்காகத்தான் அதை வாங்கினார்கள். ஒளிவிலகல் எண் 1.42 என்பது அங்கே யாருக்கும் பொருட்டில்லை. அது பொருட்டாகும் தேசம் ஒன்று இருந்தது.

முள்ளை அடுத்து வரும் இழைக்கென்றே தனிப் பெயர் வைத்து, தனிக் கடைத்தட்டு ஒதுக்கியிருந்த ஜப்பான்தான் அது. அங்கே குரேஹா என்றொரு ரசாயன நிறுவனம், உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்காக வீடுதோறும் அறியப்பட்டது. அந்தத் தாளின் மூலப்பொருளில் குளோரின் இருக்கும் இடத்தில் ஃப்ளூரினை வைத்தால் கிடைப்பதுதான் பாலிவினைலிடின் ஃப்ளூரைடு. 1971ல் குரேஹா அதை நரம்பாக இழுத்து ‘சீகார்’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. உலகின் முதல் ஃப்ளூரோகார்பன் தூண்டில் நரம்பு பிறந்தது. தண்ணீரோடு அது சந்திக்கும் இடத்தில் எதிரொளிக்கும் ஒளி, நைலானில் எதிரொளிப்பதில் கால்பங்குக்கும் குறைவு. தண்ணீரை அது உறிஞ்சவே இல்லை. அடர்த்தி 1.78, நைலானுக்கு 1.14; ஆகவே தானாக மூழ்கியது. ஆனால் மகா விறைப்பு. சுருளியில் நூறு மீட்டர் சுற்றினால் கம்பிச் சுருளாகத் துள்ளி வெளியே வந்து விழும். முழுக் கயிறாக ஆகாது, கடைசி நாலடிக்கு மட்டுமே ஆகும் என்று ஆயிற்று. அந்தக் குறையே அதற்கு ஓர் இடம் பிடித்துக்கொடுத்தது. அந்த இடத்தில் அதற்கு வந்த மிகக் கடுமையான தேர்வு, உறைந்த ஏரியில் நடந்தது.

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் லாரி ஓடுமளவுக்கு உறைந்துவிடும். பனித்தரையில் துளை போட்டு அதன் மேல் டிப்-அப் என்னும் கருவியைக் குறுக்கே வைப்பார்கள். கயிற்றுச் சுருளி நீருக்கடியில் இருக்கும். மேலே இருந்தால் ஈரத்தோடு உறைந்து சிக்கிக்கொள்ளும். மீன் இரையைக் கவ்வி இழுத்ததும் சுருளி சுழன்று, மேலே மடக்கி வைத்த கொடி விருட்டென்று நிமிரும். தூரத்தில் நிற்பவர் ஓடிவந்து வெறுங்கையால் கயிற்றை இழுப்பார். கோல் கிடையாது. உறைகிற காற்றில், நனைந்த விரலில், மெல்லிய நரம்பைப் பிடிக்கவே முடியாது; பிடித்தாலும் அறுத்துவிடும். கைக்குத் தடித்த பின்னல் கயிறு கட்டாயம். தண்ணீரோ அந்தப் பருவத்தில்தான் ஆண்டிலேயே தெளிவாக இருக்கும். பாசி ஓய்ந்திருக்கும், காற்று அலையைக் கிளப்ப முடியாது, கலங்கல் அடியில் தங்கிவிடும். இரை நகராமல் தொங்குவதால் மீன் சாவகாசமாகச் சுற்றிவந்து பார்க்கிறது. குதிரைமுடிக்காரர்கள் பட்ட பாடு முழுவதும் அந்தத் துளைக்குக் கீழே மறுபடி உயிர்பெற்றது.

பலருடைய டிப்-அப்பில் இன்று அதற்கான விடை இரண்டு துண்டாக இருக்கிறது. சுருளியில் டேக்ரான் பின்னல் கயிறு. டேக்ரான் என்பது ஹில் இழுத்து, கரோதர்ஸ் கைவிட்ட அதே பாலியெஸ்டர் குடும்பம். அதை 1941ல் இங்கிலாந்தில் ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் வேறு அமிலத்தைச் சேர்த்து, சூடு தாங்கும்படி மீட்டெடுத்தார்கள். டூபாண்ட் பிறகு அமெரிக்க உரிமையை விலை கொடுத்து வாங்கியது. டேக்ரான் முடியும் இடத்தில் ஸ்விவல் என்னும் சின்னஞ்சிறு சுழல் இணைப்பு. அதன் மறுபக்கம் மூன்று நான்கு அடி நீளத்துக்கு ஃப்ளூரோகார்பன் லீடர், பிளங்கெட்டின் உருளை திறந்துவிட்ட உலகத்தைச் சேர்ந்தது. நடுவில் எல்லாப் புகழையும் வாங்கிய நைலானுக்கு அங்கே இடமே இல்லை!

லீடர் கட்டுவதற்கென்று ஒரு பக்குவம் உருவாயிற்று. வால்-ஐ மீனுக்கு எட்டு முதல் பத்து பவுண்டு தாங்கும் நரம்பு, சிறிய முள், முள்ளுக்கு ஓரடி மேலே ஓர் ஈயக்குண்டு. முடிச்சை இறுக்குமுன் எச்சிலாவது தண்ணீராவது தொட்டு நனைப்பார்கள். காய்ந்த ஃப்ளூரோகார்பனை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் முடிச்சே பலவீனமாகிவிடும். இப்படியெல்லாம் பார்த்துக் கட்டிய லீடரையும் ஒரு மீன் நொடியில் துண்டித்துவிட்டுப் போகும்.

நார்தர்ன் பைக் அது. நீண்ட தாடை, கத்தி கத்தியாகப் பல். அதற்கென்று தடித்த ஃப்ளூரோகார்பன் போடுகிறார்கள். தடிமன் கூடினால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். பல்லுக்கு அஞ்சாதது எஃகுக் கம்பி லீடர். ஆனால் கம்பி ஒரு முறை மடங்கினால் அந்த மடிப்பு நேராவதில்லை, தெளிந்த தண்ணீரில் மறைவதும் இல்லை. அதனால் பைக் திரியும் ஏரிகளில் ஒரு துளையில் கம்பியும் அடுத்த துளையில் ஃப்ளூரோகார்பனும் கட்டி, எந்தக் கொடி முதலில் நிமிர்கிறது என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. கண்ணுக்கும் தெரியாமல் பல்லுக்கும் அறாமல் இருக்கும் இழை இன்னும் பிறக்கவில்லை.