சமிக்கிப் பாவாடையும் கொச்சி வழியாகக் கடத்தப்பட்ட பெண்ணும்

போன மாசம் தோழி ஒருத்தியோட கல்யாண சங்கீத்துக்கு "நானே பாவாடை தைச்சுப் போட்டுக்கிட்டு வரேன்"னு வாயை விட்டுட்டேன். வாங்கினது அரக்குச் சிவப்பில், முழுக்கச் சமிக்கி வைத்த துணி. வெட்டி, மெஷின்ல வெச்சு, காலை அழுத்தின முதல் நிமிஷமே ஊசி உடைஞ்சது. ரெண்டாவது ஊசியும் போச்சு. தெருமுனை டெய்லர் அக்காகிட்ட ஓடினேன்.

"சமிக்கி மேலயே ஊசி ஓட்டினா எப்படிம்மா நிக்கும்? தையல் போற இடத்துல இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டுத் தை. நூலை அறுத்துடாத, வரிசையே உருவிக்கிட்டு வந்துடும். சமிக்கியை மட்டும் பழைய கத்தரியால வெட்டி எடு. தைச்சு முடிச்சதும் எங்க வெறுமையாத் தெரியுதோ அங்க கையால திரும்பக் கட்டு. உள்ள பருத்தி லைனிங் போடு, இல்லேன்னா தொடை செவந்துடும். அயர்ன் பாக்ஸைக் கிட்டயே கொண்டு போகாத."

ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டினேன். அந்த ராத்திரியில் வந்த கேள்விதான் இந்த எபிசோட்: பாவாடை முழுக்க இப்படிப் பளபளன்னு தைச்சுப் போடணும்னு யார் ஆரம்பிச்சாங்க?

முதலில் பெயர். ஆங்கிலத்தில் 'சீக்வின்' என்கிறோமே, அது ஒரு காசின் பெயர். நாணயம் அடிக்கும் அச்சுக்கு அரபியில் 'சிக்கா'. கம்பெனி காலத்து 'சிக்கா ரூபாய்' கேள்விப்பட்டிருப்பீங்க, அதே சொல்தான். வெனிஸ் நகரம் 1284 முதல் அடித்துவந்த தங்கக் காசுக்குப் பிற்காலத்தில் 'செக்கினோ' என்ற பெயர் வந்தது. ஒரு காசு சுமார் மூன்றரை கிராம். வெனிஸ் குடியரசு 1797இல் முடிந்தது, காசும் போனது, பெயர் மட்டும் துணியில் தைக்கும் வட்டத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்பானிஷ்காரர்களுக்குக் காசெல்லாம் ஞாபகம் வரவில்லை. அவர்கள் வைத்த பெயர் 'லெந்தெஹுவேலா', அதாவது குட்டி மசூர் பருப்பு. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.

பொருள் என்னவோ பெயரைவிடப் பழையது. 1922இல் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தபோது தங்க வட்டுகள் தைத்த துணிகள் கிடைத்தன. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் மார்கரெட் லேட்டன் என்ற பெண்மணியின் சட்டை இருக்கிறது. சுமார் 1610இல் தைத்தது. பூவேலைக்கு நடுநடுவே குட்டி உலோக வட்டுகள். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் நிற்கும் ஓவியமும் அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் கம்பியைச் சுருளாகச் சுற்றி, வளையம் வளையமாக வெட்டி, சுத்தியால் தட்டித் தட்டையாக்குவார்கள். இப்படி ஒவ்வொன்றாக. அதனால் இது பணக்காரர்களின் உடம்பில் மட்டுமே மின்னியது.

இப்போ பாவாடைக்கு வருவோம். உலகத்திலேயே ரொம்பப் பிரபலமான சமிக்கிப் பாவாடை எதுன்னு கேட்டா, நான் மெக்சிகோவைத்தான் காட்டுவேன். பேர் 'சீனா போப்லானா'. சிவப்புக் கம்பளித் துணியில் அகலமான பாவாடை, இடுப்புப் பக்கம் பச்சைப் பட்டை, கீழே முழுக்கச் சமிக்கியால் பூக்களும் கோலங்களும். 20ஆம் நூற்றாண்டில் முன்பக்கம் நாட்டின் சின்னமான கழுகும் வந்து உட்கார்ந்தது. உள்பாவாடையின் லேஸ் ஓரம் வேண்டுமென்றே எட்டிப் பார்க்கும். மேலே பாசி கோத்த வெள்ளைச் சட்டை, தோளில் 'ரெபோசோ' என்கிற மேல்துண்டு. இன்றைக்கு அங்கே தேசிய விழான்னா பள்ளிக்கூடப் பெண் குழந்தைகளுக்கு இதுதான் மாட்டிவிடுவார்கள்.

'போப்லானா' என்றால் புவெப்லா நகரத்துக்காரி. 'சீனா' என்றால்? இங்கேதான் நம்ம பக்கம் வருது கதை.

1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து அகாபுல்கோவுக்கு ஸ்பானிஷ் கப்பல்கள் ஓடின. பட்டு, பீங்கான், மசாலாவோடு மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள், அடிமைகளாக. பிலிப்பைன்ஸ்காரர், வங்காளி, மலபார்க்காரர், ஜப்பானியர், யாராக இருந்தாலும் மெக்சிகோவில் இறங்கியதும் ஒரே பெயர்: 'சீனோ'. அப்படி இறங்கியவர்களில் ஒருத்தி மிர்ரா. இந்தியச் சிறுமி. போர்ச்சுகீசியக் கடற்கொள்ளையர் கடத்தி, கொச்சிக்குக் கொண்டுவந்து, கதரினா தே சான் ஹுவான் என்று ஞானஸ்நானம் கொடுத்து, மணிலாவில் விற்றார்கள். 1620 வாக்கில் புவெப்லாவில் மிகேல் தே சோசா என்ற வணிகர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவர் இறந்த பிறகு விடுதலை. பிறகு தோமிங்கோ சுவாரெஸ் என்ற ஆசிய அடிமையோடு கல்யாணம். வயதான காலத்தில் தெய்வக் காட்சிகள் காண்பவள் என்று ஊரே அவளிடம் ஜெபம் கேட்டு வந்தது. 1688 ஜனவரி 5 அன்று இறந்தபோது உடலைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. புவெப்லாவின் லா கொம்பானியா தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அலோன்சோ ராமோஸ் என்ற ஜேசுயிட் பாதிரியார் அவள் வாழ்க்கையை மூன்று பாகங்களாக எழுதினார். ஒரு முன்னாள் அடிமைப் பெண்ணுக்கு மூன்று பாகம்! ஆனால் காட்சிகள், அற்புதங்கள் எல்லாம் அளவுக்கு மீறிப் போய்விட்டன என்று மத விசாரணை மன்றம் 1690களில் புத்தகத்துக்கும் தடை போட்டது, அவள் படத்தை வைத்து வணங்குவதற்கும் தடை போட்டது.

சுமார் 200 வருஷம் கழித்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புவெப்லா எழுத்தாளர்கள் அவளைத் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள். சீனா, புவெப்லா, ரெண்டும் சேருதே! உடனே கதை தயார்: கிழக்கிலிருந்து வந்த இளவரசி, தன் ஊர்ப் பட்டுடையில் பளபளக்க, உள்ளூர்ப் பெண்கள் அதைப் பார்த்துத் தைத்துக்கொண்டதுதான் இந்தப் பாவாடை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அவளைப் பற்றி எழுதியவர்கள் சொல்வதோ, முரட்டுத் துணி உடுத்தி, அழகே வேண்டாம் என்று ஒதுங்கி வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றி. பாவாடை பேசப்படுவதோ அவள் இறந்து நூறு வருஷத்துக்கும் மேலான பிறகு. வரலாற்றாளர்கள் ரொம்ப நாளாகவே இதைச் சொல்லிவருகிறார்கள். நினைவுப் பொருள் கடைக்காரர்களுக்கு மட்டும் காதில் விழலை.

அப்படின்னா நிஜமாக அந்தப் பாவாடையைப் போட்டவள் யார்? 'சீனா' என்ற சொல் அதற்குள் பொருள் மாறியிருந்தது. நகரத்து உழைக்கும் வர்க்கப் பெண், பெரும்பாலும் கலப்பினத்தவள், சொந்தமாகச் சம்பாதித்து, சொந்தப் பணத்தில் உடுத்தி, ஆடப் பாடப் போகிறவள். மரியாதைப்பட்ட குடும்பங்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கு. ஸ்பெயின் தூதரின் மனைவி ஃபானி கால்தெரோன் தே லா பார்க்கா, ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 1839 டிசம்பரில் மெக்சிகோ வந்தார். ஒரு மாறுவேட விருந்துக்குப் போப்லானா உடையில் போக ஆசைப்பட்டார். விஷயம் பரவியது. உள்துறை அமைச்சர், போர்த்துறை அமைச்சர் உட்பட ஒரு கூட்டமே வீட்டுக்கு வந்து, தயவுசெய்து வேண்டாம் என்றது. அந்தப் பெண்கள் ஒரு மாதிரியானவர்களாம், காலுறைகூடப் போட மாட்டார்களாம். யோசிச்சுப் பாருங்க, ஒரு பாவாடைக்காக அமைச்சர்கள் கிளம்பி வர்றாங்க! ஃபானி விட்டுக்கொடுத்தார். அதையெல்லாம் கடிதத்தில் எழுதி, 1843இல் புத்தகமாகவும் போட்டுவிட்டார்.

1919இல் ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா மெக்சிகோ வந்தபோது அதே உடையில், தொப்பியைச் சுற்றி ஆடும் 'ஹராபே தபாத்தியோ' நடனத்தை நுனிக்காலில் ஆடினார். 1920களில் புரட்சிக்குப் பிந்தைய அரசு அந்த நடனத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. அமைச்சர்கள் வேண்டாம் என்ற பாவாடை தேசிய உடையாக எண்பது வருஷம் ஆனது.

சமிக்கியும் இதற்கிடையில் மலிவானது. 1930களில் ஜெலட்டினில் செய்தார்கள். லேசு, மலிவு, ஆனால் தண்ணீர் பட்டால் கரையும். கூட ஆடுகிறவரின் கை சூடாக இருந்தால்கூட இளகிவிடும். பிறகு அசிட்டேட், 1950களில் பாலியெஸ்டர் படலம். இப்போ நம்ம கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பது அதன் வாரிசு. துவைக்கலாம், சூடு மட்டும் ஆகாது. டெய்லர் அக்கா சொன்னது அதைத்தான்.

வெட்டி எடுத்ததில் முழுசாக வந்த சமிக்கிகளை ஒரு மருந்து பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். பாவாடையின் வலது பக்கத் தையல் கொஞ்சம் வளைஞ்சுதான் போச்சு. சங்கீத்தில் யாரும் கவனிக்கலை, அக்கா மட்டும் போட்டோவிலேயே கண்டுபிடிச்சிட்டாங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே.