தலையில் தேங்கிய நீர்: குழந்தைகளின் மூளைப் புற்றும் மருத்துவம் கற்ற பாடமும்

குர்துபாவின் அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தமது ‘அத்-தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியில் ஒரு குழந்தையைப் பற்றிக் குறிப்பிடுகிறார். தலையில் நீர் சேர்ந்து, தலை நாளுக்கு நாள் பெருத்தது; அதன் பாரத்தால் நிமிர்ந்து உட்கார இயலாது போன அக்குழந்தை முடிவில் இறந்தது. மண்டையோட்டுக்குள் நோக்கிக் காரணத்தைக் காணும் வழி அன்று இல்லை. அவ்வாறு நீர் தேங்குவதற்கு இன்று நாம் அறிந்துள்ள காரணங்களுள் ஒன்று, சிறுமூளையில் எழும் புற்றுக்கட்டி.

அதற்கு 1925இல் ‘மெடுல்லோபிளாஸ்டோமா’ எனப் பெயர் சூட்டியோர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய பெர்சிவல் பெய்லி, ஹார்வி குஷிங் ஆகிய இருவர். இந்நோயின் அறிகுறிகள் கட்டி அமைந்த இடத்தைப் பொறுத்தவை. சிறுமூளையின் நடுப்பகுதி உடலின் சமநிலையைக் காப்பது. அங்கே கட்டி வளரும்போது, நன்கு நடந்த குழந்தை கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுகிறது. அருகிலுள்ள நான்காம் மூளையறை அடைபடுவதால் மூளைத் தண்டுவட நீர் வழியின்றித் தேங்குகிறது. இரவில் படுத்திருக்கையில் தலைக்குள் அழுத்தம் மிகுந்து, விடியலில் தலைவலியும் வாந்தியும் தோன்றுகின்றன. எழுந்து நடமாடியபின் தணிகின்றன. மண்டையோட்டின் இணைப்புகள் இறுகாத கைக்குழந்தைக்கோ தலையே பெருத்துவிடுகிறது.

குஷிங் 1930இல் 61 நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டபோது, மூன்றாண்டுகளைக் கடந்து வாழ்ந்தவர் ஒருவரே. இப்புற்றின் உயிரணுக்கள் தண்டுவட நீரின் வழியே பரவுவன. இதனை உணர்ந்து, மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் பேட்டர்சன், ஃபார் ஆகியோர் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் முழுமையாகக் கதிர்வீச்சு அளித்தனர். அவ்வாறு சிகிச்சை பெற்ற 27 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மூன்றாண்டுகள் வாழ்ந்தனர் என 1953இல் அறிவித்தனர். எனினும் கதிர்வீச்சு, இளம் மூளையின் கற்கும் திறனையும் உடல் வளர்ச்சியையும் குன்றச் செய்தது. ஆகவே மூன்று வயதுக்குட்பட்டோருக்கு இயன்றவரை அது தவிர்க்கப்படுகிறது.

1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. மண்டையைத் திறவாமலேயே மூளையைக் காணும் வாய்ப்பு பிறந்தது. ஆயினும் தாமதம் ஒழியவில்லை. காலை வாந்தி வயிற்றுக் கோளாறாகவே கருதப்பட்டது. பிரிட்டனில் 2011இல் தொடங்கிய ‘ஹெட்ஸ்மார்ட்’ இயக்கம் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் இவ்வறிகுறிகளைக் கற்பித்தது. முன்னர் 14 வாரங்களுக்கு மேல் நீடித்த நோயறியும் காலத்தின் இடைநிலை அளவு, 7 வாரங்களுக்கும் கீழே இறங்கியது.

தன் வேதனையைச் சொல்லத் தெரியாத குழந்தைக்காக அதன் நடையும் கண்ணும் தலையும் பேசுகின்றன. விடியற்கால வாந்தி தொடர்ந்து, அதனுடன் தள்ளாட்டமோ புதிதாக மாறுகண்ணோ காணப்படின், வயிற்றுக்கு மருந்து கொடுத்துக் காத்திராமல் உடனே மூளையைப் பரிசோதிக்கச் செய்வதே அறிவுடைமை.