அந்தமானில் எங்கே தங்குவது?

எங்கள் வீட்டில் டிக்கெட் எடுக்கிற வரை சண்டை வராது. எங்கே தங்குவது என்று பேச்சை எடுத்தால் போதும், ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள்.

கல்கத்தாவுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் வங்காளிகள் எல்லாம் இரண்டு தடவையாவது அந்தமான் போய் வந்துவிட்டார்கள். போன குளிர்காலத்தில் ஒருவழியாக நாங்களும் கிளம்புவது என்று முடிவு செய்தோம். எல்.டி.சி., ஆறு ராத்திரி. தங்கமணிக்கு ஒரே நிபந்தனை: குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். பிள்ளைகளுக்கு வாசலிலேயே கடல் வேண்டும். அப்பாவுக்கு (எழுபத்தாறு வயது, கும்பகோணத்தை விட்டு எங்களோடு வந்து மூன்று வருஷம்) செல்லுலார் ஜெயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் அறை வேண்டும்.

"அப்படின்னா உள்ளேயே ஒரு ரூம் கேட்டுப் பாக்கலாமே மாமா" என்றாள் தங்கமணி.

இவர்களைச் சமாதானம் செய்யத்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்தால், இதே கேள்வியை அந்தத் தீவில் இருநூறு வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நம்மைப் போலவே தண்ணீர் எப்படி, காற்று எப்படி, அக்கம்பக்கத்தில் யார் என்று பார்த்திருக்கிறார்கள். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நமக்கு நாலாயிரம் ரூபாய் போகும். அவர்களுக்கு உயிர் போனது.

முதலில் வந்தவர் ஆர்ச்சிபால்ட் பிளேர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை அதிகாரி. 1789ல் தெற்கு அந்தமானின் துறைமுகத்துக்குள் இருக்கும் சாத்தம் என்ற சின்னத் தீவில் குடியிருப்பு போட்டார். இடம் மோசமில்லை. ஆனால் மூன்றே வருஷத்தில், 1792ல், போர்க்கப்பல்களுக்கு வசதியான பெரிய துறைமுகம் வேண்டும் என்று ஜாகையை வடக்கு அந்தமானுக்கு மாற்றினார்கள். கப்பல்களுக்குச் சௌகரியம், மனுஷனுக்கு இல்லை. காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. 1796ல் கடையைக் கட்டிவிட்டு, கைதிகளைப் பினாங்குக்கு அனுப்பினார்கள், மற்றவர்களை வங்காளத்துக்கே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அதன்பின் அறுபது வருஷம் அந்தப் பக்கம் யாரும் குடியேறவில்லை.

1857 எழுச்சிக்குப் பிறகு, பிடிபட்டவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி வந்ததும் பழைய காகிதங்களைத் தூசி தட்டினார்கள். ஒரு கமிட்டி போய்ப் பார்த்துவிட்டு, பிளேர் முதலில் பிடித்த இடம்தான் சரி என்று சொன்னது. அவர் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். (2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியாயிற்று. பழக்க தோஷம், போர்ட் பிளேர் என்றே எழுதுகிறேன்.) 1858 மார்ச் 10ஆம் தேதி ஜே.பி. வாக்கர் என்ற அதிகாரி, 200 கைதிகளோடு கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். மறுபடியும் சாத்தம். மறுபடியும் பிரச்சினை, இந்தத் தடவை குடிதண்ணீர் போதவில்லை. துறைமுக வாசலில் இருக்கும் ராஸ் தீவுக்கு மாறினார்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராத தீவு. அடுத்த எண்பத்து மூன்று வருஷம் அந்தமான் நிக்கோபார் முழுவதையும் அங்கே உட்கார்ந்துதான் ஆண்டார்கள்.

அக்கம்பக்கத்தில் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். வாக்கர் இறங்கிய கரை காலி மனை இல்லை. பெரிய அந்தமானியர் என்று நாம் இன்று சொல்லும் மக்களின் காடும் மீன்பிடிக் கரையும் அது. காட்டை வெட்ட வெட்ட அவர்கள் வில்லோடு வந்தார்கள். 1859 மே மாதம் பெரிய கூட்டமாகத் தாக்க வந்தபோது, தூத்நாத் திவாரி என்ற கைதி முன்கூட்டியே வந்து எச்சரித்துவிட்டார். முகாமிலிருந்து தப்பி ஓடி ஒரு வருஷம் போல அந்த மக்களோடேயே வாழ்ந்தவர் அவர். துப்பாக்கிக்கு முன்னால் வில் நிற்கவில்லை. அதைத்தான் அபர்டீன் சண்டை என்கிறார்கள். நான் லாட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த அபர்டீன் பஜார் பக்கம்தான் அது நடந்தது. பிறகு 1863ல் ராஸ் தீவிலேயே அந்தமானியருக்கு ஒரு 'இல்லம்' கட்டி வைத்தார்கள். அவர்கள் மண்ணில் அவர்களுக்கே தங்குமிடம்! சுற்றி இருந்தவர்களிடமிருந்து நோய்கள் ஒட்டின. 1877ல் அம்மை வந்தது. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் இன்று சில டஜன் பேர்.

மலேரியா கதையையும் சொல்லிவிடுகிறேன். தீவில் கொசு உண்டா என்று தங்கமணி முதல் நாளே கேட்டாள். சதுப்பிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சல் தருகிறது என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் நம்பினார்கள். அதனால்தான் நாலு பக்கமும் கடல்காற்று வீசும் ராஸ் அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. காரணம் தப்பு, முடிவு சரி. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று 1897ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தவர் ரொனால்ட் ராஸ். (தீவுக்குப் பெயர் கொடுத்தவர் டேனியல் ராஸ், கடல் அளவையாளர். நான் குழப்பிக்கொண்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) 1912ல் கிறிஸ்டோபர்ஸ் என்ற டாக்டர் அந்தமானில் ஆராய்ந்து, உப்பு கலந்த தண்ணீரில் வளரும் ஒரு கொசுதான் குற்றவாளி என்று காட்டினார். உப்பங்கழிச் சதுப்பை ஒட்டிய குடியிருப்புகளில் காய்ச்சல் அதிகம், தள்ளி இருந்தவற்றில் குறைவு. சதுப்போரம் தங்க வைக்கப்பட்டவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ராஸில் சர்ச், கிளப், டென்னிஸ் மைதானம், பேக்கரி, நீச்சல்குளம், நடன அறையோடு சீஃப் கமிஷனர் பங்களா எல்லாம் இருந்தன. கட்டியது கைதிகள். அந்தக் கைதிகள் தங்கிய இடங்களையும் ஒரு ஹோட்டல் பட்டியல் போலவே தரம் பிரித்திருந்தார்கள். அடங்காதவர்களுக்கு வைப்பர் தீவு, காலில் சங்கிலி. பெண்களுக்கு சவுத் பாயிண்ட். பத்து வருஷம் ஒழுங்காகக் கழித்தவர்களுக்குக் கிராமத்தில் துண்டு நிலம், குடும்பம் நடத்த அனுமதி. 1896ல் தொடங்கி 1906ல் முடித்த செல்லுலார் ஜெயிலில் ஆளுக்கு ஒரு தனி அறை. ஏழு சிறகுகள். ஒரு சிறகின் முன்பக்கம் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பதால், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. ஜன்னல் கைக்கு எட்டாத உயரத்தில். பக்கத்திலேயே கடல் இருந்தும் கண்ணில் படாது. 'சீ வியூ' ரூமுக்கு ஆயிரத்தைந்நூறு கூடுதல் என்று ஒரு ஹோட்டல்காரர் ஃபோனில் சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இடம் பார்க்கப் போய் உயிரை விட்டவர்களில் ஒரு வைஸ்ராயும் உண்டு. 1872 பிப்ரவரி 8, மேயோ பிரபு. துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் ஹாரியட் மலையில், உடம்பு தேறி ஓய்வெடுக்க ஒரு இல்லம் அமைக்கலாமா என்று பார்க்க சாயங்காலம் ஏறினார். சூரிய அஸ்தமனத்தை ரசித்துவிட்டு இருட்டில் இறங்கி ஜெட்டிக்கு வந்தபோது ஷேர் அலி அஃப்ரிடி என்ற கைதி கத்தியால் குத்திவிட்டார். ஷேர் அலியை வைப்பர் தீவில் தூக்கில் போட்டார்கள்.

1941 ஜூன் 26ல் வந்த பூகம்பம் ராஸை உலுக்கியது. தலைமையகம் போர்ட் பிளேருக்கு மாறியது. 1942 மார்ச் 23ல் ஜப்பானியர்கள் வந்து இறங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கும் அப்பாவுக்கும் தகராறு. அப்பாவின் பெரியப்பா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். அங்கே ஆயிரக்கணக்கான தமிழர்கள் போல அவரும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். திரும்பி வந்தபோது அவர் கொண்டுவந்த சொத்து நேதாஜியின் ஒரு படம். கும்பகோணம் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. 1943 டிசம்பர் 30ல் போர்ட் பிளேரில் நேதாஜி கொடி ஏற்றியதைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன். அப்பா அந்தமான் வரச் சம்மதித்ததே அதற்காகத்தான்.

நான் படித்ததில் இன்னொன்றும் இருந்தது. ஜப்பானியர்கள் நேதாஜியைத் தங்க வைத்தது ராஸ் தீவில், பழைய சீஃப் கமிஷனர் பங்களாவில். போன இடமெல்லாம் அவர்கள் சூழ்ந்தே இருந்தார்கள். ஊர் ஜனங்கள் நெருங்கி மனசு விட்டுப் பேச வழியில்லை. அதே நாட்களில் எதிர்க்கரையில், செல்லுலார் ஜெயிலுக்குள், உளவாளிகள் என்று சந்தேகப்பட்டு நூற்றுக்கணக்கான இந்தியர்களை ஜப்பானியர்கள் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் திவான் சிங் காலேபானி, டாக்டர், பஞ்சாபிக் கவிஞர். சித்திரவதையில் 1944 ஜனவரி 14ல் ஜெயிலிலேயே இறந்தார். நேதாஜி வந்து போய் இரண்டே வாரம். ஜனவரி 30ல் ஹம்ப்ரிகஞ்ச் என்ற இடத்தில் 44 பேரை நிற்க வைத்துச் சுட்டார்கள்.

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அப்பா மோரை ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டார். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள், "ஜெயில் பக்கமே ரூம் போடு. அந்தத் தீவுக்கும் போகணும்" என்றார்.

ஆக, மூன்று ராத்திரி போர்ட் பிளேர் என்று தானாகவே முடிவாயிற்று. பிள்ளைகளுக்கு மூன்று ராத்திரி ஹாவ்லாக் (2018லிருந்து ஸ்வராஜ் த்வீப்). அங்கே ரிசார்ட் வேண்டாம் என்று தடுத்தவர் என் ஆபீஸ் நண்பர். அவருடைய சித்தப்பா அங்கே இருக்கிறார், தோட்டத்தில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். தேசப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களை 1950களில் அந்தத் தீவில் குடியேற்றினார்கள். வயலுக்கு ஐந்து ஏக்கர், மேட்டு நிலம் ஐந்து ஏக்கர். கோவிந்தநகர், விஜயநகர், ராதாநகர் எல்லாம் அவர்களுடைய ஊர்கள். உலகம் முழுக்கப் புகழ்பெற்ற ராதாநகர் கடற்கரைக்கு இன்றும் ஏழாம் நம்பர் என்றுதான் பெயர்.

"எங்கே தங்கறீங்கன்னு எங்க அப்பாவை யாரும் கேக்கலை" என்றார் அந்தப் பெரியவர், இளநீர் சீவிக்கொண்டே. "கல்கத்தாவில ஏத்தினாங்க, இங்க இறக்கினாங்க. பார்த்தா ஒரே காடு." சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் தோட்டத் தமிழர்களையும் இப்படித்தான் நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 2004 டிசம்பர் 26ல் சுனாமி மிக மோசமாக அடித்த தீவுகளில் கட்சாலும் ஒன்று. பெரியவருக்கு அங்கே ஒரு தமிழ் நண்பர் இருந்தாராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அறை சின்னது, ஆனால் குழாயில் தண்ணீர் வந்தது. பிள்ளைகளைக் கடலிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் ராஸுக்குப் போனோம். 2018ல் அதற்கும் நேதாஜி பெயரைச் சூட்டிவிட்டார்கள். இப்போது அங்கே யாரும் ராத்திரி தங்க முடியாது, பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். சர்ச் சுவரையும் பேக்கரியையும் ஆலமர வேர்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. மான்கள் பயமில்லாமல் கிட்ட வருகின்றன. பிள்ளைகள் அவற்றின் பின்னாலேயே ஓடிவிட்டார்கள்.

அப்பா பங்களா எங்கே என்று கேட்டார். மேட்டில் ஏற முட்டி ஒத்துழைக்கவில்லை, இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். கூரை இல்லை, சுவர்தான் மிச்சம். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கரைப் பக்கம் இறங்கி வந்து நின்றார். எதிரே தண்ணீருக்கு அப்பால் செல்லுலார் ஜெயில் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"படகுல எவ்வளவு நேரம் வந்தோம்?"

"பத்து நிமிஷம் இருக்கும்ப்பா."

"பத்து நிமிஷம்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "அந்தப் படத்தை நான் எடுக்க மாட்டேன்டா" என்றார்.

யாரும் எடுக்கச் சொல்லவில்லை. படகுக்காரர் விசில் ஊதினார். பிள்ளைகளைக் கூப்பிடப் போனேன்.