கருமணலும் செயற்கைப் பல்லும்

புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் ஓரமாகக் கடலுள் நீண்டு நிற்பது குதிரைமலை முனை. அச்செம்மண் மேட்டின் அடியில், அலை ஒதுக்கும் மணலிடையே கரிய துகள்கள் கலந்துள்ளன. இல்மனைற் என்னும் கனிப்பொருள் அது. டைட்டேனியம் என்ற உலோகத்தைத் தன்னுள் அடக்கியது. 1791இல் வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார், இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியில் இத்தகைய கருமணலை ஆராய்ந்தே அவ்வுலோகத்தின் இருப்பை உணர்ந்தார். உலகில் அகழப்படும் இல்மனைற்றிற் பெரும்பகுதி வெள்ளை வர்ணமாகிறது. மிகச் சிறு பகுதியே உலோகமாகி, மனிதரின் தாடையெலும்பிற் செயற்கைப் பல்லுக்கு வேராகப் புகுகின்றது. அவ்வேர் எலும்பினுள் எதைக் கசியவிடுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

உப்புநீர் இரும்பை உண்ணும் என்பதைப் புத்தளத்து உப்பளத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் உடலின் நீரும் உப்புநீரே. ஆதலால் 1930களின் இறுதியில், பொஸ்டன் நகரப் பல்வைத்தியர் அல்வின் ஸ்ட்ரொக், துருவை எதிர்க்கும் கோபால்ட்–குரோமியக் கலப்புலோகத் திருகாணியைத் தாடையிற் பதித்தார். எனினும் துருவை எதிர்ப்பது வேறு, ஒன்றையும் வெளிவிடாதிருப்பது வேறு. 1960இல் பெர்கசன், லெயிங், ஹொட்ஜ் என்போர் முயல்களின் தசையில் உலோகத் துண்டுகளை வைத்துச் சோதித்தபோது, சூழ்ந்த தசையில் அவ்வுலோகங்களின் கூறுகள் கலந்திருக்கக் கண்டனர்.

டைட்டேனியத்தின் கதை தற்செயலாகத் தொடங்கியது. 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில், பிரோனமார்க் என்னும் ஆய்வாளர் முயலின் கால் எலும்பில் இரத்தவோட்டத்தைப் பார்க்க ஒரு டைட்டேனியக் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்ற முனைந்தால், எலும்பு அதை விடவில்லை! 1965இல் அவர் பதித்த வேர்கள், முதல் நோயாளியின் வாயில் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக நின்றன.

இவ்வுறுதிக்குக் காரணம் ஒரு மெல்லிய படலம். காற்றோ நீரோ பட்டவுடன் டைட்டேனியத்தின் மேல் ஒட்சைட்டுப் போர்வை உருவாகிறது. அதன் தடிப்பு மில்லிமீற்றரின் பத்துலட்சத்தில் சில பங்கே. கீறினால் மீண்டும் தோன்றும். ஆனால் திருகிப் பதிக்கையில் உராய்வதாலும், மெல்லுகையில் இணைப்புகள் தேய்வதாலும் துகள்கள் உதிர்கின்றன. அமிலத்தன்மையுள்ள புளோரைட்டும் அப்படலத்தை அரிக்கும். இவ்வாறு வெளிப்படும் டைட்டேனியம் அண்மை எலும்பிலும் ஈறிலும் கண்டறியப்பட்டுள்ளது. நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் சேர்ந்த கலப்பாயின் அவையும் உடன் வரும். வனேடியம் உயிரணுக்களுக்கு நஞ்சாகலாம் என்ற ஐயத்தால், அதற்குப் பதிலாக நையோபியம் சேர்த்த கலப்பும் ஆக்கப்பட்டது.

அளவோ நுண்ணியது, வேர் பதித்தவர் அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆயினும் அழற்சியுற்ற வேரைச் சூழ்ந்த தசையில் டைட்டேனியம் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கசிவு அழற்சியை உண்டாக்கியதா, அழற்சி கசிவை உண்டாக்கியதா? அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.