கட்டுபடியாகும் விலை: ஒரு மின்சாரச் சட்டம் பிறந்த கதை

ஜெர்மனி பயன்படுத்தும் மின்சாரத்தில் இப்போது பாதிக்கு மேல் காற்று, சூரியன், நீர், உயிரி எரிவாயு ஆகியவற்றிலிருந்து வருகிறது. 1990இல் இது நூற்றுக்கு நான்கைக்கூடத் தொடவில்லை. இந்த மாற்றத்துக்கு அடியில் ஒரு விலைக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் சாதாரண நாடாளுமன்ற உறுப்பினர்களும் சிறு ஊர்க்காரர்களும்தான்.

பவேரியாவைச் சேர்ந்த மத்தியாஸ் எங்கல்ஸ்பெர்கர் பழமைவாதக் கட்சிக்காரர். அவருக்குச் சிறு நீர்மின் நிலையங்கள்மீது அக்கறை. ஓடையோரத்தில் மின்சாரம் எடுப்பவர்களுக்குப் பெரிய மின் நிறுவனங்கள் வைத்ததே விலை. பசுமைக் கட்சியின் வொல்ஃப்காங் டேனியல்ஸ் எதிர்முகாமில் இருந்தார். இருவரும் சேர்ந்து ஒரு மசோதாவை உருவாக்கினார்கள். பசுமைக் கட்சியோடு கூட்டாகக் கொண்டுவரப் பழமைவாதிகள் மறுத்ததால் டேனியல்ஸ் பெயர் விடுபட்டது. மசோதா நிறைவேறினால் போதும் என்று அவர் விட்டுக்கொடுத்ததை இந்தக் கதையின் பெருந்தன்மையான கணமாகவே நினைக்கிறேன்.

1990இன் கடைசி மாதங்கள் அவை. இரு ஜெர்மனிகளும் இணைந்துகொண்டிருந்தன. கிழக்கின் மின்துறையைக் கைப்பற்றும் வேலையில் மூழ்கியிருந்த பெருநிறுவனங்கள் ஐந்தே பிரிவுகள் கொண்ட இந்தச் சட்டத்தைப் பொருட்படுத்தவில்லை. 1991 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. யார் காற்றிலோ நீரிலோ வெயிலிலோ மின்சாரம் எடுத்தாலும் அப்பகுதி நிறுவனம் அதை வாங்கியே ஆக வேண்டும். காற்றுக்கும் வெயிலுக்கும், நுகர்வோர் கட்டும் சராசரி விலையில் குறைந்தது 90 சதவீதம் தர வேண்டும். பேரத்துக்கு இடமில்லை.

வடகடலோர விவசாயிகளுக்கு இது கைகொடுத்தது. 1990இல் நூறு மெகாவாட்டுக்கும் கீழே இருந்த காற்றாலைத் திறன் 1999 முடிவில் நாலாயிரத்தைத் தாண்டியது. சூரிய ஒளிக்கோ பயனில்லை. சட்டப்படி யூனிட்டுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 17 பெனிக். கூரையில் எடுக்க ஆன செலவு ஏறக்குறைய இரண்டு மார்க், அதாவது 200 பெனிக்.

அந்த இடைவெளியைக் கையில் எடுத்தது ஆகன் நகரம். செர்னோபில் அணு உலை வெடித்த 1986இல் அங்கே ஒரு சூரிய ஆற்றல் சங்கம் உருவானது. அதை முன்னின்று நடத்தியவர் முன்னாள் ராணுவ அதிகாரி வோல்ஃப் ஃபொன் ஃபாபெக். நெல்லுக்கும் கரும்புக்கும் நம் விவசாயிகள் கேட்பதைத்தான் இந்தச் சங்கம் வெயிலுக்குக் கேட்டது: உற்பத்திச் செலவுக்குக் கட்டுபடியாகும் விலை. மானியம் வேண்டாம், யூனிட்டுக்கு இரண்டு மார்க் கொடுங்கள், அந்தச் சுமையை ஊரின் எல்லா மின்கட்டணங்களிலும் பரப்புங்கள் என்றார்கள். ஒருமுறை தரும் மானியம் சூரியத் தகட்டை வாங்க உதவும். யூனிட்டுக்கு விலை கிடைத்தால்தான் அதை இருபது வருடம் பழுதில்லாமல் ஓட்டத் தோன்றும். நகர்மன்றம் ஒப்புக்கொண்டும் மின் நிறுவனம் இழுத்தடித்தது. ஆகனில் அந்த விலை நடைமுறைக்கு வர 1995 ஆயிற்று. அதற்குள் 1993இலேயே ஃப்ரைசிங்கும் ஹாமல்புர்க்கும் முந்திக்கொண்டன. ஹாமல்புர்க்கில் அதற்காகப் பாடுபட்ட நகர்மன்ற உறுப்பினர் ஹான்ஸ்-யோசெப் ஃபெல்.

1998இல் சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் சேர்ந்து ஆட்சி அமைத்தபோது ஃபெல் நாடாளுமன்றத்தில் இருந்தார். ஹெர்மன் ஷேரும் வேறு சில உறுப்பினர்களும் அவரோடு சேர்ந்தார்கள். பொருளாதார அமைச்சகம் தயங்க, புதிய சட்டத்தை அவர்களே எழுதினார்கள். 2000 ஏப்ரல் 1 முதல் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 99 பெனிக், இருபது ஆண்டுக்கு உறுதி. அந்த உறுதியைக் காட்டி யாரும் வங்கியில் கடன் கேட்கலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் புதிதாக வருபவர்களுக்கு விலை 5 சதவீதம் குறையும். உற்பத்தியாளர்களைச் செலவைக் குறைக்கத் தூண்டியது இந்தக் கடைசி விதிதான். முந்தைய சட்டத்தின் மீதான வழக்கில், இப்படி விலை நிர்ணயிப்பது அரசு மானியம் ஆகாது என்று 2001 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு பல நாடுகள் இதைப் பின்பற்றின.

செலவை யார் சுமந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மின்கட்டணத்தில் சேர்த்த கூடுதல் தொகை 2017இல் யூனிட்டுக்கு 6.88 யூரோ சென்ட் வரை போனது. மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும் ஆலைகளுக்குப் பெரும் விலக்கு, எளிய குடும்பங்களுக்கு முழுச் சுமை. இது அநியாயம்தான். ஆனாலும் உலகம் முழுவதும் தகடுகளின் விலை சரிந்ததற்கு அந்தக் குடும்பங்களின் பணமும் ஒரு காரணம். 2022 ஜூலையில் கூடுதல் தொகை நீக்கப்பட்டு, செலவு அரசின் கணக்குக்கு மாறியது.

இந்தச் சட்டத்தால் முடியாத ஒன்றும் உண்டு. புதிய மின்சாரத்துக்கு வழி திறந்ததே தவிர, நிலக்கரியை நிறுத்தச் சொல்ல அதில் ஒரு பிரிவும் இல்லை. ஆகனுக்குப் பக்கத்திலேயே பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இயங்கிவந்தன. நிலக்கரியை 2038க்குள் கைவிட 2020இல்தான் தனிச் சட்டம் வந்தது. ரைன்லாந்துச் சுரங்கப் பகுதிக்கு மட்டும் அந்தக் கெடு பின்னர் 2030க்கு முன்தள்ளப்பட்டது.