அய்சின் தீ விபத்தும் வழங்கல் சங்கிலியின் நெகிழ்வுத்தன்மையும்

வழங்கல் சங்கிலியின் நெகிழ்வுத்தன்மை என்பது, உதிரிபாகம் வருவது திடீரென நின்றாலும் உற்பத்தியை வேறு வழியில் விரைவாகத் தொடரும் திறன் ஆகும். இத்திறன் கிடங்குச் சரக்கிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை, சப்பானின் ஐச்சி மாகாணத்தில் உள்ள கரியா நகரில் 1997 பெப்ரவரி 1 அன்று நிகழ்ந்த தீ விபத்து காட்டியது.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டொயோட்டா நிறுவனத்தில் டைச்சி ஓனோ உருவாக்கிய உற்பத்தி முறையில், தேவையான பாகம் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டுமே வந்து சேரும். இதனால் சரக்கில் பணம் முடங்குவதில்லை. ஆனால் ஓரிடத்தில் தடை ஏற்பட்டால் அது சில மணி நேரத்தில் எல்லா இடங்களிலும் தெரியும்.

டொயோட்டா கார்களுக்கான பி-வால்வுகளில் ஏறத்தாழ அனைத்தையும் அய்சின் நிறுவனத்தின் கரியா ஆலையே செய்து வந்தது. பின்சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தை மட்டுப்படுத்தி, வண்டி சறுக்காமல் காப்பது இவ்வால்வு. கையடக்கமான பாகம்தான், ஆனால் மிக நுட்பமாகக் கடைய வேண்டியது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருந்தன. ஒரே இடத்தில் செய்வது மலிவாக இருந்ததால் மாற்று ஆலை ஏற்பாடு செய்யப்படவில்லை.

விபத்தும் மீட்பும்

அதிகாலையில் பற்றிய தீயில் வால்வு உற்பத்திப் பிரிவும் அதற்கென அமைந்த சிறப்புக் கருவிகளும் அழிந்தன. சில நாட்களில் டொயோட்டாவின் சப்பானிய ஆலைகள் பெரும்பாலும் நின்றன.

அய்சின், வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பியது. ஏறத்தாழ 60 நிறுவனங்கள் வால்வு செய்ய முன்வந்தன. கருவி, மூலப்பொருள் தந்தவர்களையும் சேர்த்தால் 200 நிறுவனங்களுக்கு மேல் பங்கேற்றன. தையல் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற பிரதர் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. சிறப்புக் கருவிகள் இல்லாததால், ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்த பொதுவகைக் கடைசல் இயந்திரங்களைக் கொண்டு தமக்கேற்ற முறையை வகுத்தனர். நான்காம் நாளே முதல் வால்வுகள் வந்தன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் டொயோட்டாவின் உற்பத்தி வழக்கமான அளவை எட்டியது.

விலை, இழப்பீடு பற்றிய பேச்சு முடியும் வரை எவரும் காத்திருக்கவில்லை. நேரடிச் செலவுகளை அய்சின் பின்னர் ஏற்றது. டொயோட்டாவும் தன் முதல்நிலை வழங்குநர்களுக்கு இழப்பீடு கொடுத்தது. பல்லாண்டுகள் சேர்ந்து வேலை செய்து பழகியதும், ஒருவர் தொழிலை மற்றவர் அறிந்திருந்ததுமே இந்த வேகத்துக்கு அடிப்படை.

எல்லைகள்

2011 மார்ச் 11 நிலநடுக்கம் இம்முறையின் எல்லையை வெளிப்படுத்தியது. கார்களுக்கான நுண்கட்டுப்படுத்திச் சில்லுகளைச் செய்த ரெனெசாசு நிறுவனத்தின் நாகா ஆலை சேதமடைந்தபோது, அச்சில்லுகளை வேறு பட்டறைகளில் உடனே செய்ய இயலவில்லை. வால்வைக் கடைய இயந்திரங்கள் பல இடங்களில் இருந்தன. சில்லுக்கோ தூய்மை அறையும் அதற்கென அமைந்த செய்முறையும் வேண்டும். எனவே வாகன நிறுவனங்கள் தம் ஆட்களை அனுப்பி அந்த ஆலையையே சீரமைக்க உதவின. சூன் தொடக்கத்தில்தான் அங்கு உற்பத்தி மீண்டது.

அதன்பின் டொயோட்டா, எந்தப் பாகம் எந்த ஆலையில் உருவாகிறது என்பதைக் கீழ்நிலை வழங்குநர் வரை பதிவு செய்யத் தொடங்கியது. மாற்று வழியற்ற பாகங்களுக்குக் கூடுதல் கையிருப்பு வைக்கவும் ஏற்பாடு செய்தது. பலரால் செய்யக்கூடிய பாகத்துக்கு உறவும் பழக்கமும் காப்பு. ஒருவரால் மட்டுமே செய்யக்கூடியதற்குக் கையிருப்பே காப்பு என்பது இவ்விரு நிகழ்வுகளும் தந்த பாடம்.